கிரிஸ்டல் வளர்க்கற படிப்பு சோறு போடுமா?

கேள்வி: பொண்ணு ஈரோட்டுல பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருசமுங்க. மேல கிரிஸ்டல் வளர்க்கறதப் பத்திப் படிக்கறேன்ங்கறா. அது என்ன வேலைங்க, சோறு போடுமா?
– ஒரு அம்மா, காங்கேயம்

பதில்: போடுமுங்கம்மா, ஆனா பொறுமை வேணும்.

பனங்கற்கண்டு நடுவுல நூல் இருக்குமில்லீங்களா, பாகுக்குள்ள நூலைக் கட்டி அசைக்காம பல நாள் வச்சா அதைப் புடிச்சு கல்லு வளருதே, எங்க வேலையும் கிட்டத்தட்ட அதுதான், பாகுக்குப் பதிலா 1414 டிகிரியில உருகுன சிலிக்கான், நூலுக்குப் பதிலா பென்சில் மொத்தத்துல ஒரு விதைப் படிகம், அதை மேலாப்புல தொட வச்சு சுத்திக்கிட்டே மெதுவா தூக்கணும். 1916ல போலந்து விஞ்ஞானி சோக்ரால்ஸ்கி கண்டுபுடிச்ச வழி இது. செல்போன் சிப்புக்கு அடித்தளமே இப்படி வளர்த்த சிலிக்கான்தான்.

உங்க ஊருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குங்க. சிவன்மலைப் பக்கம் கிடைக்கற குருந்தக்கல்லும் நீலக்கல்லும் ஒரே பொருள்தான், அலுமினியம் ஆக்சைடு. ஈரோடு மாவட்டத்துல அகழாய்வு பண்ணுன கொடுமணல்ல 2000 வருசத்துக்கு முன்னாடியே கல்லு பட்டை தீட்டி மணி பண்ணிருக்காங்க. அதே பொருளை இன்னைக்கு 2000 டிகிரிக்கு மேல உருக்கி, சுத்தமா, நிறமில்லாம வளர்த்து, தகடா அறுத்து, அதுமேல காலியம் நைட்ரைடுங்கற பொருளைப் படிய வச்சுதான் நீல எல்இடி பண்றாங்க, அதுக்கு 2014ல மூணு பேருக்கு நோபல் கிடைச்சுது. வீட்டு வெள்ளை பல்புக்குள்ள இருக்கறதும் அந்த நீல வெளிச்சந்தானுங்க.

பொறுமைன்னு ஏன் சொன்னேன்னா, ஆக்சைடு படிகமெல்லாம் மணிக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும், நான் ஆராய்ச்சி பண்ணுன காலத்துல அஞ்சு நாள் கண்ணு முழிச்சு வளர்த்தது, கரண்டு போயி திடீர்னு ஆறுனதுல குறுக்கால வெடிச்சிருச்சு. அன்னைக்கு அழுதுட்டேன். மறுவாரம் திரும்ப அடுப்பைப் பத்த வச்சோம்.

ஒண்ணு மட்டும் பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. பீக்கர்ல கரைசலை வச்சு ஆவியாக விட்டு சின்னக் கல்லு எடுத்து பேப்பர் போடறதோட நின்னுரக் கூடாது. அது பழகறதுக்கு நல்லது, ஆனா கம்பெனிக்காரங்க தேடறது உருக்கி வளர்க்கத் தெரிஞ்சவங்களையும், எம்ஓசிவிடி மாதிரி, வாயுவைச் செலுத்திப் படிய வைக்கற மெசின்ல மெல்லிய படலம் வளர்த்தவங்களையுந்தான். எம்.எஸ்சி. முடிச்சு நெட்டுங்கற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஆராய்ச்சி பண்றவங்களுக்குக் குடுக்கற ஜேஆர்எஃப் வாங்கிட்டா மாசம் 37,000 ரூபா உதவித்தொகை, வீட்டுக்கு பாரமில்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல கிரிஸ்டல் வளர்ப்புக்குன்னே தனி மையம் இருக்கு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்சி) பாக்கலாமுங்க.

எங்க சேர்ந்தாலும், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி லேபுக்குள்ள போயி, இந்த அடுப்பு கடைசியா எப்ப ஓடுச்சுன்னு கேக்கச் சொல்லுங்கம்மா.