சீந்தில் கொடிக்கு யூரியா போடலாமா? தண்ணீர் எவ்வளவு விடுவது?

போடலாம், ஆனால் கொஞ்சமாக, அதுவும் மழை பிடிக்கும் சமயத்தில் மட்டும். சீந்திலில் நாம் மருந்துக்கு எடுப்பது தண்டு. யூரியா முதலில் வளர்ப்பது இலையை.

நாங்கள் பர்மாவில், பெகு பக்கம் இருக்கிறோம். இங்கே இதைச் சின்தோன்மநுவே என்பார்கள். நுவே என்றால் கொடி. எங்கள் வீட்டில் இரண்டு கொடி. ஒன்று மாமரத்தில் தானாக ஏறியது. மற்றது குழாயடி வேலியில். நெல்லுக்கு வாங்கி மிஞ்சிய யூரியாவை மாதம் ஒரு கைப்பிடி அதற்குப் போட்டு வந்தேன். இலை உள்ளங்கையை மறைத்தது, அப்படி ஒரு கரும்பச்சை. மாசியில் இரண்டிலும் பெருவிரல் கனத் தண்டாகப் பார்த்து ஒரே எடைக்கு வெட்டினேன். மருந்துக்கு மாவு எடுக்க அம்மா இடித்து, தண்ணீரில் பிசைந்து வடிகட்டி, இரவு முழுக்கத் தெளிய வைத்தார். காலையில் மாமரத்துக் கொடியின் சட்டியில் மாவு வெள்ளையாக உறைந்து கிடந்தது, விரலால் வழிக்க வந்தது. குழாயடிக் கொடியின் சட்டியில் கலங்கலும் ஒரு மெல்லிய படலமும்தான். அம்மா எதுவும் சொல்லவில்லை, அதைக் கொட்டிவிட்டார்.

யூரியா தரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தால் கொடி தான் சமைத்ததை எல்லாம் கொழுந்துக்கே செலவழிக்கும். மண் காயத் தொடங்கினால் கொழுந்து ஓடுவது முதலில் நிற்கும். இலை சமைப்பது உடனே நிற்காது. அப்போது மிஞ்சுவதுதான் தண்டில் மாவாகச் சேர்கிறது. பல மருந்துச் செடிகளில் கசப்புப் பொருள்கள் கூடுவதும் இப்படி இலேசாக வாடும்போதுதான். அதனால் கோடையில் சீந்தில் இலை உதிர்த்தால் பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். சதைப்பற்றுள்ள தண்டு, தாங்கும். நட்ட முதல் வருடக் கன்றுக்கு மட்டும் வாரம் ஒரு முறை விடுங்கள்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே கிடந்தால் அமோனியாவாகக் காற்றில் போகும். அடைமழையில் போட்டால் கரைந்து ஓடிவிடும். எங்களுக்கு மழை மே நடுவில் பிடித்து அக்டோபர் வரை பெய்யும், ரங்கூனில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர். ஆகவே வைகாசியில் மக்கிய சாணத்தோடு ஒரு பிடி, அவ்வளவுதான். சாணம் நன்றாக இருந்தால் யூரியாவே வேண்டாம் என்பேன்.

மஞ்சளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடி இலை மட்டும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. மழைக்காலத்தில் கொடி முழுக்க வெளுத்தால் வேர் தண்ணீரில் நிற்கிறது. உரத்தை விட்டுவிட்டு வாய்க்கால் வெட்டுங்கள்.

வெட்டும்போது அடியில் ஓர் அடி விட்டு வெட்டுங்கள். அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.