ரம்பொடை ஏற்றத்தில் என்ஜின் லைட் எரிகிறது, பெற்றோலும் கூடக் குடிக்கிறது: ஒக்சிஜன் சென்சரை மாற்றலாமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். என்ஜினிலிருந்து வரும் புகையில் எவ்வளவு ஒக்சிஜன் இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த சென்சரின் வேலை. முதலில் ஸ்கேனரில் கோளாறுக் கோட் பாருங்கள். பி0135 (P0135) என்றால் சென்சருக்குள் இருக்கும் ஹீட்டரின் சுற்றில்தான் கோளாறு. ஃபியூஸ், வயர், பிளக் எல்லாவற்றையும் பார்த்த பிறகே சென்சரைச் சந்தேகியுங்கள்.

அப்புறம், என்ஜின் சூடானதும் முன் சென்சரின் (என்ஜினுக்குப் பக்கத்தில் இருப்பது) வோல்ட்டேஜைக் கவனியுங்கள். சாதாரண சென்சர் என்றால் 0.1க்கும் 0.9க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். 0.45இலேயே நின்றால் சென்சரோ வயரோ போயிருக்கலாம். காற்று, பெற்றோல் விகிதத்தை அளக்கும் ஏர்ஃபியூவல் வகை சென்சருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

நம் மலைப்பாதையே நல்ல சோதனைக்களம். கியரில் வைத்து, அக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது என்ஜினுக்குப் போகும் பெற்றோல் நிற்கும். வோல்ட்டேஜ் 0க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஸ்கேனரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் வளைவைப் பாருங்கள்.

வோல்ட்டேஜ் எப்போதும் குறைவாகவே காட்டினால் சைலன்சர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கசிவு நல்ல சென்சரையும் பழுதானதாகக் காட்டிவிடும்.