தோப்பு வீட்டைப் புதுப்பித்தவருக்கு முழு உரிமை உண்டா?

கேள்வி: உச்சிப்புளி அருகே 2 ஏக்கர் தென்னந்தோப்பையும் அதிலுள்ள ஓட்டு வீட்டையும் என் தாத்தா 1958-இல் தம் சம்பாத்தியத்தில் கிரயம் பெற்றார். பாட்டிக்குப் பின், உயில் எழுதாமல் 1976-இல் அவரும் காலமானார். வாரிசுகள் என் தந்தையும் அத்தையும் மட்டுமே. தந்தைக்குப் பின் பட்டா என் பெயரில் உள்ளது. இடிந்து கிடந்த வீட்டை 18 லட்சம் ரூபாய் செலவில் புதுப்பித்தேன். இப்போது அத்தை பாதி கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவருக்கு 1969-இல் திருமணமாகிவிட்டது. 1989-க்கு முன் மணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாதல்லவா?

பதில்: 1964 டிசம்பர் புயலில் ஓடுகள் பறந்ததையும், அத்தை ஒருநாளும் தோப்பை எட்டிப் பார்க்காததையும், வீடு எழும்பிய பிறகே நோட்டீஸ் வந்ததையும் மூன்று பக்கங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். இவை உங்கள் பங்கை ஒரு சென்ட் கூடக் கூட்டாது. தாத்தாவுக்கு நிலம் எவ்வழியில் வந்தது என்பது ஒன்றே கேள்வி. அது அவர் வாங்கிய தனிச்சொத்து என்பதால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவின்படி, அவர் இறந்த அன்றே மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக இறங்கிவிட்டது. நீங்கள் சொல்லும் 1989 தமிழ்நாட்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தைப் பற்றியது. மணமான மகள்களை அது விலக்கியதும் அச்சொத்தில்தான். பட்டா உரிமை மூலம் ஆகாது. சீர்வரிசையும் பாகத்துக்கு ஈடாகாது.

நான் அஞ்சுவது, அத்தை வழக்குப் போட்டால் நீங்கள் தாக்கல் செய்யப்போகும் எதிருரையைத்தான். ‘நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எதிரிடை அனுபவம்’ (பிறர் உரிமையை மறுத்து, தமதென்றே சொத்தை நெடுங்காலம் வைத்திருப்பது) என்று எழுதிவிட்டு, அதே வாயால் புதுப்பித்த வீட்டை எனக்கே ஒதுக்குங்கள் என்று மன்றாடிய கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபவம் மற்றவருக்காகவும்தான். அத்தையின் உரிமையை அவர் அறிய வெளிப்படையாக மறுத்து, அதன்பின் 12 ஆண்டுகள் கடந்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டும். அவர் மௌனமாக இருந்தது அதற்குப் போதாது. அந்த மௌனத்துக்கு அவர் தரப்பு காரணமும் சொல்லும்: குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசு பிரிக்க முன்வரும்வரை மகள் பிரிக்கக் கேட்க முடியாதபடி அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 23-வது பிரிவு, 2005 செப்டம்பர் 9-இல் நீக்கப்படும்வரை தடுத்திருந்தது. பங்கையே மறுத்தவர் பிறகு நியாயம் கேட்கும்போது நீதிமன்றத்தின் இரக்கம் சுருங்கிவிடுகிறது. வீட்டை உங்கள் பாகத்தில் ஒதுக்கும்படி கேட்க இடமுண்டு. செலவுத் தொகை முழுவதும் திரும்பும் என்று எண்ணாதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அத்தை தம் பிரிபடாத பாதியை வெளியாருக்கு விற்றுவிடுவது. கடற்கரையோரத் தோப்பை வாங்க ஆள் தேட வேண்டியதில்லை. வாங்கியவர் பாகம் கேட்டு வழக்கிட்டால், 1893 பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அப்பங்கை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது குடியிருப்பு வீட்டுக்கான பாதுகாப்பு, தோப்பு முழுவதற்கும் நீளும் என்று நம்ப முடியாது. உங்கள் 18 லட்சத்தால் ஏறிய விலையில் பாதியை நீங்களே கொடுக்கவும் நேரலாம்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். சாலையை ஒட்டிய பகுதியை அத்தைக்குக் கொடுத்து, வீடும் கிணறும் உங்கள் பக்கம் வரும்படி, அளந்த வரைபடத்துடன் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பதிவாகாத கூர்ச்சீட்டில் (குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பாகக் குறிப்பில்) கையெழுத்து வாங்கிவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். இன்று அத்தை ஒருவரின் கையெழுத்து போதும்; அவர் காலத்துக்குப் பின் அவருடைய வாரிசுகள் ஒவ்வொருவரும் இசைய வேண்டியிருக்கும். பத்திரம் பதிவாகும்வரை அந்த வீட்டில் ஒரு செங்கல்லும் புதிதாக வைக்க வேண்டாம்.