ஆர்சனிக் கேள்வி பதில்: கொதிக்க வைத்தால் போகாது

மேற்கு வங்கத்தின் வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில் சில ஆண்டுகள் அடிபம்பு தண்ணீர் சோதித்தவன் நான். தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன்.

சேலம் வாசகர்: போர் தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

கூடாது. கொதித்தால் கிருமி சாகும். ஆர்சனிக் கிருமி அல்ல, நச்சுத் தனிமம். தண்ணீர்தான் ஆவியாகும், அது பாத்திரத்திலேயே நிற்கும். சுண்டச் சுண்டச் செறிவு கூடும். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. சோதித்துப் பார்த்தால்தான் உண்டு.

செஞ்சி, கூத்துக்காரர்: அரிதாரம் ஆர்சனிக் என்கிறார்களே?

ஆமாம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம்தான் அரிதாரம். சிவப்பாக இருக்கும் மனோசிலை அதன் உடன்பிறப்பு. அந்த மஞ்சளைப் பூசிப் பூசி, பிறகு வேஷப் பூச்சுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. கதகளிக்காரர்கள் மனயோலையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவதும் இந்த வகைதான். தண்ணீரில் கரைவது சொற்பம் என்பதால் வெள்ளைப் பாஷாணம் (ஆர்சனிக் ட்ரையாக்சைடு) அளவுக்குக் கொடியதல்ல. ஆனால் அரைத்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள். நெருப்பில் காட்டவே கூடாது. எரிந்தால் வெள்ளைப் பாஷாணமாகிப் புகையோடு கிளம்பும்.

தர்மபுரி: எங்கள் ஊரில் பிள்ளைகளின் பல் பழுப்பேறுகிறது. ஆர்சனிக்கா?

உங்கள் பக்கம் பெயர்போனது புளோரைடு. அதற்குத் தனியாகத் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். என் பாடம் அல்ல.

திருச்சி, கல்லூரி மாணவி: வங்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு?

இப்படிக் கேட்டால் எழுத ஆசை வருகிறது. குளத்துத் தண்ணீர் குடித்துக் காலராவில் ஜனங்கள் சாகிறார்கள் என்று, 1970களில் யுனிசெஃப் துணையோடு வங்கதேசம் முழுக்கக் குழாய்க்கிணறு இறக்கினார்கள். நல்ல எண்ணம்தான், வயிற்றுப்போக்கும் குறைந்தது. ஆனால் அந்த டெல்டாவின் வண்டல் இமயமலையிலிருந்து வந்தது. வண்டலில் இரும்புத் துரு ஒட்டியிருக்கும், துருவில் ஆர்சனிக் ஒட்டியிருக்கும். மண்ணுக்கடியில் மக்கிய இலைதழையைத் தின்னும் நுண்ணுயிர்கள், ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தத் துருவையே பயன்படுத்திக்கொள்ளும். துரு கரையும், ஆர்சனிக்கும் அவிழ்ந்து தண்ணீரில் இறங்கும். யாரும் கொட்டியதல்ல.

இந்தத் தண்ணீரால் வரும் நோயை வங்கத்தில் 1983இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹாதான் முதலில் கண்டுபிடித்தார். மார்பில் மழைத்துளி விழுந்தது போலக் கரும்புள்ளி, உள்ளங்கையிலும் பாதத்திலும் ஆணி போலச் சொரசொரப்பு. இது தெரிய ஐந்து பத்து ஆண்டுகள் ஆகும், பிறகு புற்றுநோயும் வரலாம். வங்கதேசத்தில் ஏறக்குறைய 50 லட்சம் கிணறுகளைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அவர்கள் வரம்பைத் தாண்டியவற்றுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை பெயின்ட். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10தான்.

நாங்கள் செய்த சோதனை எளிது. குப்பியில் தண்ணீர், அமிலம், துத்தநாகத் தூள். மூடியில் மெர்குரிக் புரோமைடு தடவிய காகிதம். ஆர்சனிக் இருந்தால் சற்று நேரத்தில் காகிதம் வெளிர் மஞ்சளாகும், மோசமான கிணறென்றால் பழுப்பாகும். ஒரு வீட்டில் பழுப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் முப்பதடி தள்ளி இருந்த பம்பில் வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே நின்றது. பக்கத்து வீட்டை வைத்து உங்கள் கிணற்றை எடை போடாதீர்கள்.

கோவை: கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டினால்?

முதல் பதிலைப் பாருங்கள்.

ஈரோடு: எலிக்குப் போட வெள்ளைப் பாஷாணம் எங்கே கிடைக்கும்?

எலிப்பொறி வாங்குங்கள்.

மதுரை: அரிசியிலும் ஆர்சனிக் என்கிறார்களே. சோறு சாப்பிடலாமா?

சாப்பிடலாம், நானும் சாப்பிடுகிறேன். நீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் குறைவு. அங்கே அவிழும் ஆர்சனிக்கை, சிலிக்கா உறிஞ்சும் வழியாகவே நெல் வேர் இழுத்துக்கொள்ளும். அதனால் கோதுமையைவிட அரிசியில் கூடுதல். உலையில் நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சியை வடித்தால் பாதிக்குப் பாதி போகும்.

அதே மதுரை: அப்படியானால் என் மாமியார் சொன்னதுதான் சரியா? குக்கரைத் தூக்கிப் போடச் சொல்கிறார்.

மாமியார் மருமகள் வழக்கில் சாட்சி சொல்ல வரமாட்டேன்.

நாகர்கோவில்: வடித்தால் சத்தெல்லாம் போய்விடுமே! ஆர்சனிக்கைக் காட்டிப் பழைய பழக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

சத்து போவது உண்மை, பி வைட்டமின்கள் கஞ்சியோடு இறங்கும். இது பண்டமாற்று. மூன்று வேளையும் அரிசி, கைக்குழந்தைக்கும் அரிசிக்கஞ்சி என்றால் வடிப்பதில் அர்த்தம் உண்டு. இட்லி, சப்பாத்தி, கேழ்வரகு என்று மாற்றிச் சாப்பிடுகிறவர்...

மன்னார்குடி: இட்லி அரிசி இல்லையா?

அகப்பட்டுக்கொண்டேன். இட்லியை அடித்துவிடுங்கள். இன்னொரு விஷயம், இதை யாரும் கேட்கவில்லை: வடிக்கும் தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் சோறு அதையும் குடித்துக்கொள்ளும். வங்கத்திலும் கஞ்சி வடிப்பவர்கள்தான். சிவப்புப் பம்பில் உலை வைத்தால் வடித்தும் பயனில்லை.

நாகர்கோவில்: ஆக, குக்கரில் தப்பில்லை.

தண்ணீர் நல்லதாக இருந்து, சாப்பாடு கலந்து இருந்தால் தப்பில்லை. திருப்தியா? மதுரைக்காரர் இதை மாமியாரிடம் காட்டிவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

பழனி: சித்தர்கள் 64 பாஷாணம் சொல்லி, சுத்தி செய்து மருந்தாக்கினார்களே?

மருந்தாவதை மறுக்கவில்லை. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு கொடுக்கிறார்கள், அமெரிக்காவில் 2000இல் அனுமதி. ஆனால் அது ஆஸ்பத்திரியில், இதயத்துடிப்பை ஈசிஜியில் பார்த்துக்கொண்டே ஏற்றுவது. புடம் போட்டால் சேர்மம் மாறும், தனிமம் அழியாது. பெயரில்லாத பொட்டலத்தைக் கையில் வாங்காதீர்கள்.

கரூர்: நெப்போலியனைக் கொன்றது ஆர்சனிக்கா?

பிரேதப் பரிசோதனை காட்டியது வயிற்று நோய். தலைமுடியில் ஆர்சனிக் இருந்தது உண்மை. அந்தக் காலத்தில் அது பலர் முடியில் இருந்தது.

விருதுநகர்: கொதிக்க வைத்துச் செம்புக் குடத்தில் ஊற்றி வைத்தால்?

போகாது. செம்பிலும் போகாது, வெள்ளியிலும் போகாது.

சென்னை: சிவப்பு பெயின்ட் அடித்த பம்பில் குளிக்கலாமா?

குளிக்கலாம், துணி துவைக்கலாம். தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. குடிக்க, சமைக்க மட்டும் கூடாது. குளிர்காலமாக இருந்தால் கொதிக்க வைத்தே குளியுங்கள், அதற்கு ஆட்சேபம் இல்லை.