பெண்மை பிறப்பில் வருவதா, வளர்ப்பில் வருவதா?

அடக்கமும் மென்மையும் பெண்ணின் இயல்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உடலை இயற்கை தருகிறது. அவ்வுடலுக்கு உரியவள் எப்படிப் பேச வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சமூகமே கற்பிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருகோணமலையில் வளர்ந்த எனக்கு இதை முதலில் உணர்த்தியது, பெண் பூப்பெய்தும்போது செய்யப்படும் சாமத்தியச் சடங்கு. நேற்றுவரை கடற்கரையில் பட்டம் விட்ட சிறுமி, தண்ணீர் வார்த்துச் சேலை உடுத்தப்பட்ட நாளிலிருந்து, சிரிப்பொலியைக் குறைக்கவும், அண்ணனின் நண்பர்கள் வந்தால் உள்ளே போகவும் பழக்கப்படுகிறாள். சில ஆண்டுகளில் அந்தப் பழக்கத்தையே ஊர் அவளுடைய இயல்பு என்று பாராட்டுகிறது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நாம் நால்வகைக் குணங்களாகச் சொல்லி வந்ததும் இத்தகைய கற்பித்தலே.

இயல்பு என்றால் அது எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் கிழக்கிலங்கையிலோ, வீடு பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகப் போக, கணவன் அங்கு குடிவருகிறான். அவ்வீட்டில் பெண்ணின் சொல்லுக்குத் தனி எடை உண்டு. போரிலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலும் கணவரை இழந்த பெண்கள் பலர் குடும்பத்தைத் தாமே தாங்கினார்கள். அவர்களுடைய துணிவைப் போற்றும் அதே ஊர், மங்கல நிகழ்வுகளில் அவர்களைப் பின்வரிசையில் நிறுத்துவது எனக்கு இன்றும் வலிக்கிறது.