காந்த அமைப்பு மாறினால் கற்றையின் நிலைத்தன்மையை எப்படி ஒப்பிடுவது?

துகள்களை வேகமாக்கி மோதவிடும் கருவிதான் மோதுவி. ஒரே மோதுவியில் இரண்டு காந்த அமைப்புகளை முயன்றால், எது கற்றையை, அதாவது உள்ளே சுற்றும் துகள் கூட்டத்தை, நிலையாக வைத்திருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள 27 கி.மீ. சுற்றளவுள்ள புரோட்டான் மோதுவியான எல்எச்சியை வைத்தே சொல்கிறேன்.

அங்கே புரோட்டான்களை வளைப்பவை 1232 இருமுனைக் காந்தங்கள். குவிப்பவை நான்முனைக் காந்தங்கள். ஒரு சுற்றில் புரோட்டான் தன் பாதையின் இருபுறமும் எத்தனை முறை ஊசலாடுகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய எண். எல்எச்சியின் மூல வடிவமைப்பில், மோதலின்போது அது கிடைமட்டத்தில் சுமார் 64.31, செங்குத்தில் 59.32. இது முழு எண்ணிலோ அரையிலோ போய் விழுந்தால், சின்னக் காந்தப் பிழையும் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல.

சரி, ஒப்பீடு? வெவ்வேறு வீச்சில், அதாவது பாதையின் நடுவிலிருந்து வெவ்வேறு தூரத்தில், தொடங்கும் துகள்களைக் கணினியில் பத்து லட்சம் சுற்றுவரை ஓட்டிப் பார்ப்பார்கள். எந்த வீச்சுவரை துகள் வெளியேறாமல் சுற்றுகிறதோ, அதுதான் அந்த அமைப்பின் பாதுகாப்பு எல்லை. ஆனால் பத்து லட்சம் சுற்று என்பது நிஜத்தில் ஒன்றரை நிமிடம்தான். கற்றையோ பல மணி நேரம் சுற்ற வேண்டும். எனக்கு இந்த இடைவெளிதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம், மோதுமிடத்தில் கற்றையை இறுக்க இறுக்க, பக்கத்துக் குவிப்புக் காந்தங்களில் அது அகன்றுவிடும். அங்குள்ள புலப்பிழைகள் எல்லையைச் சுருக்கும். மேம்படுத்தப்படும் எல்எச்சியில் அந்தக் காந்தங்களின் உள்விட்டம் 70 மி.மீ.யிலிருந்து 150 மி.மீ. ஆவதற்கு இந்த அகலமே முக்கியக் காரணம்.

ஒப்பிடும்போது இரண்டு அமைப்புகளுக்கும் ஒரே பிழைத் தொகுப்புகளை, அதாவது காந்தங்களில் இருக்கக்கூடிய பிழைகளின் சீரற்ற மாதிரிகளை, கொடுங்கள். வழக்கமாக 60 தொகுப்புகள். சராசரியை மட்டும் பார்க்காமல், மிக மோசமான தொகுப்பில் எல்லை எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள்.