நடைபாதைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே: சென்னையில் வீடற்றோர், கேள்வி பதில்

வடசென்னையில் வீடற்றோர் காப்பகம் ஒன்றின் பொறுப்பிலும், பிறகு மறுகுடியமர்வுக் கணக்கெடுப்புகளிலும் சேர்த்துப் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்விகளுக்கு விடையளிக்குமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எந்தக் கட்சி ஆட்சியில் எது நடந்தது என்ற வகைக் கேள்விகளை விட்டுவிட்டேன். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, பெரம்பூர்): ஐயா, வீடற்றவர் என்று யாரைக் கணக்கில் எடுக்கிறார்கள்? எப்போது எண்ணுகிறார்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் போது ஒரே ஓர் இரவை இதற்கென்று ஒதுக்குகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் அது பிப்ரவரி 28 இரவு. சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை, பெரிய சிமெண்ட் குழாய் போன்ற இடங்களில் அன்றிரவு உறங்கியவர்களே வீடற்றவர்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் அவ்வாறு எண்ணப்பட்டனர்.

இந்த முறையில் உள்ள சிக்கலைக் களத்தில் நின்றவர்கள் அறிவார்கள். ஒரு குடும்பம் நான்கு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டிவிட்டால் அதைக் குடிசை என்று எழுதுவதா, வீடற்ற குடும்பம் என்று எழுதுவதா என்பது எண்ண வந்தவரின் முடிவாகிவிடுகிறது. அன்றிரவு கோயம்பேட்டில் லோடு இறக்கப் போனவர் எங்கும் எண்ணப்பட்டிருக்க மாட்டார். ஆகவே இந்த எண்ணிக்கையைக் குறைந்தபட்சம் என்று மட்டுமே நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்): இதற்கெல்லாம் பொறுப்பு மாநகராட்சியா, ஹவுசிங் போர்டா? யாரிடம் போனாலும் மற்றவரைக் கை காட்டுகிறார்கள்.

கை காட்டுவதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் பொறுப்பு உண்மையிலேயே பல துண்டுகளாகக் கிடக்கிறது. காப்பகங்கள் மாநகராட்சியைச் சேர்ந்தவை. நாள்தோறும் அவற்றை நடத்துவது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டி ஒதுக்குவது, 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய மாநில அரசு நிறுவனம். நிலப் பயன்பாட்டைத் தீர்மானிப்பது பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. பட்டாவுக்கு வருவாய்த் துறை.

இதன் விளைவைச் சொல்கிறேன். காப்பகத்தில் மூன்று ஆண்டுகள் ஒழுங்காக இருந்து, வேலைக்கும் போய்வரும் ஒரு பெண்ணை அடுத்து ஒரு வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், காப்பகத்தின் கோப்பு வாரியத்தின் கோப்போடு எங்குமே இணைவதில்லை. ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பத்துக்கு ஒதுக்கீட்டு ஆணை உண்டு, பிளாட்பாரத்தில் இருபது ஆண்டுகள் கிடந்தவருக்குப் பெரும்பாலும் இல்லை. அவர் யாருடைய திட்டத்தின் வழியிலும் குறுக்கே நிற்கவில்லை என்பதுதான் அவர் செய்த குற்றம்.

கேள்வி (தகவல் தொழில்நுட்ப ஊழியர், துரைப்பாக்கம்): மழை பெய்த இரவில் 1913-க்கு அழைத்தேன். மாநகராட்சி வண்டியும் வந்தது. ஆனால் அந்தக் குடும்பம் வர மறுத்துவிட்டது. கூரையும் பாயும் இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் மறுக்கிறார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு மிக அதிகமாக வந்தது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் வால்டாக்ஸ் சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை நின்று பாருங்கள். கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான் அந்த இடம் அவர்களுடையதாகிறது. விளக்குக் கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டிய தகரப் பெட்டிக்குள், பாலித்தீன் உறையில் சுற்றி, குடும்ப அட்டையும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழும் இருக்கும். மறுநாளைக்கான பள்ளிச் சீருடை ஷட்டர் பூட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். கணவர் மீன்பாடி வண்டியின் மேலேயே படுத்திருப்பார், இறங்கிவிட்டால் விடியும்போது டயர் இருக்காது. காலை ஐந்து மணிக்குக் கடைக்காரர் தண்ணீர் தெளிக்க வருவதற்குள் எல்லாம் சுருட்டப்பட்டுவிடும்.

இந்தக் குடும்பத்தை நாம் காப்பகத்துக்கு அழைக்கிறோம். அங்கே ஆண்களுக்குத் தனிக் கட்டடம், பெண்களுக்குத் தனிக் கட்டடம். பதின்மூன்று வயது மகனைத் தாயோடு பெண்கள் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள், அவன் சிறுவர் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஒரு குடும்பம் மூன்று இடமாகப் பிரிகிறது. வண்டியை உள்ளே விட இடமில்லை. பெட்டியை வைக்கவும் இடமில்லை. மூன்று நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால் கம்பத்தடியில் வேறொருவர் படுத்திருப்பார். அந்தப் பெண் மறுக்கும்போது இவ்வளவையும் ஒரே நொடியில் கணக்குப் போட்டுவிட்டே மறுக்கிறார். வண்டியில் வந்த ஊழியர் பதிவேட்டில் “வர விருப்பமில்லை” என்று எழுதிக்கொள்கிறார், அத்தோடு அந்த அழைப்பு முடிந்ததாகக் கணக்கு.

குடும்பங்களுக்கான காப்பகம் என்ற பிரிவு 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலிலேயே உண்டு. ஓர் ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. குடும்பங்களைக் கட்டிலாக எண்ணாமல் அறையாக எண்ண வேண்டியிருக்கிறது, அறைக்குச் செலவு அதிகம் என்பதால் அந்தப் பிரிவு எப்போதும் பின்னுக்குப் போகிறது. முதியோர், தனித்த ஆண்கள், திருநங்கையர், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கான சென்னைக் காப்பகங்கள் பயனுள்ளவை என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். தெருவில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களின் விஷயத்தில்தான் அவை பொருந்தாமல் போகின்றன.

கேள்வி (வழக்குரைஞர் பயிற்சியாளர், எழும்பூர்): இத்தனை காப்பகம் கட்டாயம் என்று சட்டம் ஏதும் உண்டா? மறுப்பவரை வலுக்கட்டாயமாக அழைத்துச் செல்லலாமா?

உணவு உரிமை தொடர்பாக மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கில், ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகங்களைப் பெருநகரங்கள் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. விரிவாக்கப்பட்ட சென்னையின் 2011 மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம் என்பதால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வலுக்கட்டாயத்துக்கு இடமில்லை. நடைபாதையில் உறங்கிய காரணத்துக்காக ஒருவரைக் காப்பகத்தில் அடைத்துவைக்க மாநகராட்சிக்கு அதிகாரம் கிடையாது. 1985-இல், மும்பை நடைபாதைவாசிகளை அகற்றுவது பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பு வாழ்வாதார உரிமையை உயிர் வாழும் உரிமைக்குள் கொண்டுவந்தது என்பதைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். முன்னறிவிப்பு கொடுத்து அகற்றும் அதிகாரத்தை அதே தீர்ப்பு மாநகராட்சியிடமே விட்டுவைத்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கேள்வி (இல்லத்தரசி, அண்ணா நகர்): எங்கள் பேருந்து நிறுத்தத்தில் தன்னோடு தானே பேசிக்கொண்டு ஒரு பெண் பல நாட்களாக இருக்கிறார். யாரை அழைப்பது?

காவல் நிலையத்தை அழையுங்கள் அம்மா, தயங்க வேண்டாம். மனநலப் பாதிப்போடு அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் மதிப்பீட்டுக்குக் கொண்டுசெல்வது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. சென்னைக் காவல்துறை 2021-இல் தொடங்கிய ‘காவல் கரங்கள்’ இதே பணிக்கானது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பெண் காவலர் வரும்வரை அருகில் இருங்கள். அவருடைய மூட்டையையும் கூடவே அனுப்பச் சொல்லுங்கள். மூட்டையைப் பிரித்ததால் முரண்டு பிடித்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கட்டடப் பொறியாளர், வேளச்சேரி): பெரும்பாக்கத்தில் அரசு நல்ல அடுக்குமாடி வீடு கொடுக்கிறது. பலர் அதைப் பூட்டிவிட்டு அல்லது உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். இது ஏமாற்றுத்தானே?

சிலர் விஷயத்தில் ஏமாற்றுத்தான். பெரும்பாலோர் விஷயத்தில் அது பேருந்துக் கட்டணம்.

சென்ட்ரலிலிருந்து பெரும்பாக்கம் சுமார் 25 கிலோமீட்டர். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் இருந்த ஒரு பெண், காலை ஆறு மணிக்கு நடந்தே போய் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, எட்டரைக்குத் திரும்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மீண்டும் இரண்டு வீடுகளுக்குப் போவார். இந்த வேலையின் உயிர்நாடியே நடந்து போகும் தூரம்தான். பெரும்பாக்கத்திலிருந்து அந்த ஆறு மணி வீட்டைப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் நடுவே வீடு திரும்ப முடியாது. மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்றான பிறகு பணச் செலவு குறைந்தது உண்மை; நேரச் செலவு அப்படியே இருக்கிறது. கணவருக்குக் கட்டணமும் உண்டு.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே ஒரே திசையில் பல்லாயிரம் வீடுகளைக் குவித்ததற்கு நிலம் அங்கே கிடைத்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பின், ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லிப் பலரை அங்கே அனுப்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தப் பகுதியிலேயே பெருமழையில் தண்ணீர் தேங்குகிறது. கல்வியாண்டின் நடுவில் இடம் மாற்றப்பட்ட பிள்ளைகளில் பலர் பள்ளியை விட்டே நின்றுபோனார்கள். பெரும்பாக்கத்து வீடு, தொடக்கத்தில் கட்டிய கண்ணகி நகர் வீடுகளைவிடப் பெரியது, சுமார் 400 சதுர அடி, தனிக் கழிப்பறை உண்டு. கட்டடத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பொறியாளராகிய நீங்கள் வீட்டைப் பார்க்கிறீர்கள், அந்தப் பெண் வழியைப் பார்க்கிறார்.

கேள்வி (மேற்சொன்னவரே): அப்படியானால் சென்னையில் எதுதான் உருப்படியாக நடந்தது?

நடந்தது, மறந்துவிட்டோம். உலக வங்கியின் கடனுதவியோடு 1977-இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் முழு வீடு கட்டித் தரவில்லை. சாலை, தண்ணீர், சாக்கடை ஆகியவற்றோடு சிறு மனையைப் பிரித்து, ஏழைகளுக்கான மனைகளில் அடிப்படைக் கட்டுமானத்தை மட்டும் போட்டு, தவணையில் கொடுத்தார்கள். பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று அந்த வருமானத்தால் சிறிய மனைகளின் விலையைத் தாங்கினார்கள். கையில் காசு சேரச் சேர மக்களே சுவரெழுப்பி மாடியும் கட்டிக்கொண்டார்கள். இன்று வில்லிவாக்கத்தின் அந்தத் தெருக்களில் நடந்தால் அது ஏழைகளுக்கென்று பிரித்த மனை என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். அப்போது ஊரின் ஓரமாக இருந்த அந்த இடங்கள் வேலையிலிருந்து முற்றாக அறுபடாத தூரத்தில் இருந்தன. இன்று நகருக்குள் அவ்வளவு நிலம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய மனை சிறிய மனையைத் தாங்கிய அந்தக் கணக்கு மட்டும் இன்றைக்கும் செல்லும்.

கேள்வி (வீட்டுவேலைத் தொழிலாளர், கோடம்பாக்கம்; மகள் எழுதித் தந்தது): நாங்கள் ரோட்டில் இல்லை சார், வாடகையில் இருக்கிறோம். வாடகை ஏழாயிரம், அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கேட்கிறார்கள். எங்களுக்கு என்று ஏதாவது திட்டம் உண்டா?

மிகக் குறைவு அம்மா. நடைபாதைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய படி, அதாவது வேலைக்குப் பக்கத்தில் தாங்கக்கூடிய வாடகை வீடு, நம் திட்டங்களில் காணாமல் போயிருக்கிறது. 2015-இன் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் உள்ளவர்களைப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினராகக் கொண்டு உதவியது என்றாலும், அதன் பணம் சொந்த வீட்டையே நோக்கிப் போனது. ஊரடங்கில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பியதைப் பார்த்த பிறகுதான், 2020-இல், வாடகைக் குடியிருப்புக்கென்று மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தமிழக அரசு 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும் என்றால் வேலைக்குப் பக்கத்தில் வாடகை இடம் கட்ட முடிகிறது என்பதற்கு அது சான்று. கோடம்பாக்கத்து வீடுகளுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது, ஆனால் அவர்கள் சங்கமாக வந்து கேட்பதில்லை.

அட்வான்ஸ் பற்றி: 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் இந்த வரம்பு பொருந்தாது. ஆகவே கையெழுத்திடுமுன் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தமே எழுதாத இடத்தில் இந்தச் சட்டம் உங்களுக்கு அதிகம் உதவாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கேள்வி (வாரியக் குடியிருப்புவாசி, வடசென்னை): எங்கள் பழைய போர்டு வீட்டை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டித் தருகிறார்களாம். காலி செய்யுமுன் என்ன பார்க்க வேண்டும்?

அதே இடத்தில் கட்டுவது நல்ல செய்தி, மறுக்காதீர்கள். கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் பெயரும் வீட்டு எண்ணும் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒதுக்கீடு இறந்துபோன தந்தையின் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள், கட்டடம் எழுந்த பிறகு அந்தச் சண்டை தீராது. நீங்கள் கட்ட வேண்டிய பங்குத் தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். இடைக்காலத்துக்காக வாரியம் தரும் உதவித்தொகை 8,000 ரூபாயாக இருந்து 24,000 ஆக உயர்ந்தது என்றாலும், அது சில மாத வாடகைக்கே காணும்.

கேள்வி (தன்னார்வலர், ராயபுரம்): நடைபாதையில் வாழ்பவருக்கு வாக்காளர் அட்டை வாங்க முடியுமா? முகவரிச் சான்று இல்லையே.

முடியும். படிவம் 6-இல் அவர் உறங்கும் இடத்தையே முகவரியாக எழுதுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து, அவர் உண்மையிலேயே அங்குதான் உறங்குகிறாரா என்று பார்ப்பார். ஒரு நாளோடு விடாமல் மேலும் ஓரிரவும் வருவார். அப்படிப் பார்த்துவிட்டால் வேறு சான்று தேவையில்லை. மனு கொடுத்த பிறகு அந்த வாரம் முழுவதும் இடம் மாறிப் படுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். மழைக்காலத்தில் மட்டும் மனு கொடுக்காதீர்கள்.